வில் நாணேறும்போது: அந்தமான் கரைகளில் தற்காப்பும் பின்வாங்கலும்

தாக்க வருபவரைத் திருப்பித் தாக்கும் திறமையே தற்காப்பு என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், சட்டமும் அனுபவமும் அதை முதலில் ஒரு மதிப்பீடாகவே காண்கின்றன. எதிரில் நிற்பவருக்கு உண்மையிலேயே தாக்கும் எண்ணம் இருக்கிறதா, அதற்கான ஆயுதமும் நெருக்கமும் அவருக்கு வாய்த்திருக்கிறதா, விலகிச் செல்லும் வழி இன்னும் திறந்திருக்கிறதா, அந்த இடத்தில் நிற்கும் உரிமை யாருடையது என்னும் கேள்விகளுக்கு அச்சம் உடலைப் பற்றியிருக்கும் சில நொடிகளுக்குள் விடை கண்டாக வேண்டும் என்பதே அந்த மதிப்பீட்டின் கடினம். நகரத் தெருவில் இருவருக்கும் நடமாடும் உரிமை சமமாக இருப்பதால் கடைசிக் கேள்வி அங்கே அரிதாகவே எழுகிறது. அந்தமான் நிகோபார் தீவுகளிலோ, பல்லாயிரம் ஆண்டுகளாகத் தம் காட்டையும் கரையையும் காத்துவரும் மக்களை வெளியார் எதிர்கொண்ட ஒவ்வொரு முறையும் அதுவே முதல் கேள்வியாக எழுந்திருக்கிறது. அதைக் கேட்க மறந்தவர்கள் செலுத்திய விலையும், நினைவில் வைத்திருந்தவர்கள் காத்துக்கொண்ட உயிர்களும் அத்தீவுகளின் நினைவில் இன்னும் தெளிவாகவே இருக்கின்றன.

இந்தியச் சட்டம் தற்காப்பைத் தனிமனிதப் பாதுகாப்புரிமை என்று வகுக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்த இவ்விதிகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இடம்பெற்றுள்ளன. தன் உடலையும் பிறர் உடலையும் காக்கவும், திருட்டு, கொள்ளை, சேதம் விளைவித்தல், குற்ற நோக்குடன் அத்துமீறி நுழைதல் ஆகியவற்றிலிருந்து உடைமையைக் காக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமை ஆபத்து வருமென்று நியாயமாக அஞ்ச இடமிருக்கும் கணத்தில் பிறந்து, அந்த அச்சம் நீங்கும் கணத்தில் முடிந்துவிடுகிறது. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அது எழுவதே இல்லை. காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் ஊறு விளைவிக்கவும் அது இடம் தருவதில்லை. தாக்குண்டவர் தன் ஒவ்வொரு அடியையும் தராசில் நிறுத்து அளந்துகொண்டிருக்க முடியாது என்பதையும், கோழையைப் போல ஓடியே தீர வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை என்பதையும் உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டின் தர்ஷன் சிங் வழக்கில் விளக்கியுள்ளது. ஆனால் சண்டையைத் தானே தொடங்கி வைத்தவர் பின்னர் இந்த உரிமையின் நிழலில் ஒதுங்க முடியாது என்பதும், தற்காப்பை நிறுவும் பொறுப்பு அதைக் கூறும் குற்றஞ்சாட்டப்பட்டவரையே சேரும் என்பதும் அதே சட்டத்தின் மறுபக்கம்.

இந்த விதிகளைத் தீவுகளின் மீது வைத்துப் பார்க்கும்போது, சட்டப் புத்தகத்தில் எளிதாகத் தோன்றும் சொற்கள் வேறு எடை பெறுகின்றன. 1956ஆம் ஆண்டின் அந்தமான் நிகோபார் தொல்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை சில நிலப்பகுதிகளைக் காப்பகங்களாக வரையறுத்து, அனுமதியின்றி வெளியார் அவற்றுள் நுழைவதைக் குற்றமாக்கியது. 2012இல் அதன் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. எனவே காட்டுப்பன்றிக்கோ மானுக்கோ ஜாரவா என்ற தொல்குடியினரின் காப்பகத்துக்குள் நாட்டுத் துப்பாக்கியுடன் நுழைந்த ஒருவர், எதிரே வில்லேந்தி நின்ற ஜாரவாவைச் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று கூறினால், அத்துமீறி நுழைந்தவர் யார் என்ற கேள்வியிலேயே அவருடைய வாதம் தடுக்கி விழும். அங்கே தன்னையும் தன் உடைமையையும் காத்து நிற்பவர் வில்லேந்தியவரே. பல ஆண்டுகள் நீடித்த மோதலில் இந்த உண்மை உரக்கச் சொல்லப்பட்டது மிகக் குறைவு.

இக்கட்டுரையாளரின் இளமைக் காலம் கழிந்த நடு அந்தமானின் சாலைத் தொழிலாளர் குடியிருப்பில், அந்த மோதல் நாள்தோறும் பேசப்பட்ட செய்தியாக இருந்தது. தென் அந்தமானிலிருந்து வடக்கே ஜாரவாக்களின் காட்டைப் பிளந்துகொண்டு செல்லும் அந்தமான் டிரங்க் ரோடு போடப்பட்ட ஆண்டுகளில், தமிழ்நாட்டிலிருந்தும் ராஞ்சிப் பக்கமிருந்தும் கூலி வேலைக்கு வந்த குடும்பங்கள் காட்டின் விளிம்பிலேயே மூங்கில் தட்டி வைத்த குடிசைகளில் வாழ்ந்தன. புஷ் போலீஸ் என்று அழைக்கப்பட்ட, காட்டோரத்தில் முகாமிட்டுக் குடியேற்றங்களையும் சாலை வேலையையும் காத்த காவல் பிரிவினர் துப்பாக்கியுடன் நிற்க, தொழிலாளர்கள் மரங்களைச் சாய்த்து மண்ணை வெட்டினர். பொழுது சாய்ந்த பின் ஓடைப் பக்கம் போகக் கூடாது, நாய்கள் ஒரே திசையைப் பார்த்துக் குரைத்தால் விளக்கைத் தணிக்க வேண்டும், இரவில் அரிவாளையும் அலுமினியச் சட்டியையும் வாசலில் விட்டு வைக்கக் கூடாது என்பவை குழந்தைகளுக்கும் தெரிந்த விதிகள். அக்காட்டில் இரும்பு கிடைப்பதில்லை. அம்பு முனைக்கு அவர்கள் தேடி வந்தது பெரும்பாலும் அதைத்தான் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தும், இருட்டில் வரும் காலடி இரும்புக்கு வந்ததா உயிருக்கு வந்ததா என்று பிரித்தறிய அவர்களுக்கு வழியில்லை. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. குடியேறியவர்களின் சாவுகள் எழுதி வைக்கப்பட்டன. குண்டடி பட்டுக் காட்டுக்குள் மறைந்த ஜாரவாக்களின் கணக்கை எழுத யாரும் இருக்கவில்லை.

அக்குடியிருப்பில் மேஸ்திரி என்றே எல்லோராலும் அழைக்கப்பட்ட முதியவர் ஒருவரின் கூரை எறவாணத்தில் ஓர் அம்பு செருகி வைக்கப்பட்டிருந்தது. ஆள் உயரத்தில் பாதிக்கு மேல் நீளம். இறகு கட்டாத, கைபட்டு வழுவழுப்பான தண்டு. முனையில், ஏதோ பழைய தகட்டைக் கல்லில் அடித்து இலை வடிவில் தீட்டிய இரும்பு, நார்க்கயிற்றால் இறுக்கிச் சுற்றப்பட்டு, அதன் மேல் பூசிய மெழுகு கறுத்துப் போயிருந்தது. அதைச் சிறுவர்கள் தொட்டுப் பார்க்க அவர் அனுமதித்தாரே தவிர விளையாட விட்டதில்லை. அந்த அம்பு வந்த நாளில் நடந்ததை இக்கட்டுரையாளர் தம் தந்தையிடமும் மேஸ்திரியிடமும் தனித்தனியே கேட்டிருக்கிறார். இருவர் கூற்றும் பெரிதும் ஒத்திருந்தன. மரம் வெட்டித் திறந்துவிட்ட வெளியில் பத்துப் பன்னிரண்டு பேர் மண்வெட்டியுடன் நின்றிருந்தபோது, காட்டிலிருந்து வந்த அம்பு அவர்களுக்கு இருபதடி முன்னே தரையில் குத்தி நின்றது. காவலர்கள் சற்றுத் தொலைவில் இருந்தார்கள். இரவல் துப்பாக்கி ஒன்றைக் கையில் வைத்திருந்த இளைஞன் காட்டை நோக்கி அதை உயர்த்த, மேஸ்திரி அதன் குழலைத் தரைப் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அம்பு வந்துச்சான்னு பாக்காத, எங்க வந்து விழுந்துச்சுன்னு பாரு" என்று சொன்னதாகத் தந்தை நினைவுகூர்வார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு முழு மதிப்பீடு அடங்கியிருந்தது. ஓடும் பன்றியைப் புதருக்கு நடுவே வீழ்த்தும் கைகளுக்கு, வெட்டவெளியில் அசையாமல் நிற்கும் பத்துப் பேரில் ஒருவரும் குறி தப்பியிருக்க முடியாது. ஆகவே அம்பு தரையில் விழுந்தது தவறியதால் அன்று. அதற்கு மேல் வர வேண்டாம் என்பதைச் சொல்லவே அது அங்கே எய்யப்பட்டது. எய்தவர்கள் மறைவில் இருந்தார்கள், தொழிலாளர்கள் திறந்தவெளியில் இருந்தார்கள், வந்த வழி பின்னால் அடைபடாமல் இருந்தது. இந்நிலையில் துப்பாக்கிச் சத்தம் எதைக் காத்திருக்கும்? வானை நோக்கிச் சுட்டிருந்தாலும், சொல்லப்பட்ட சேதிக்கு மறுப்பாகவே அது மறுபுறத்தில் கேட்டிருக்கும். அடுத்த அம்பு தரையில் விழுந்திருக்காது. மேஸ்திரி எல்லோரையும் நெருக்கமாகக் கூட்டி, ஓடாமல், முதுகைக் காட்டாமல், காட்டைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்கச் செய்தார். கீழே போட்ட மண்வெட்டிகளையும் கடப்பாரையையும் எடுக்கத் திரும்பிப் போக யாரையும் விடவில்லை. மறுநாள் காவலர்களுடன் சென்று பார்த்தபோது அவற்றில் ஒன்றுகூட அங்கே இல்லை. அம்பு மட்டும் குத்தியபடியே நின்றது. பொருளை இழந்து ஆளை மீட்ட அந்தக் கணக்கில் ஒப்பந்தக்காரருக்கு மனக்குறை இருந்தது என்றும், கடப்பாரையின் விலை மேஸ்திரியின் கூலியில் பிடிக்கப்பட்டது என்றும் தந்தை சொல்வதுண்டு.

ஜாரவாக்களுடன் பகையற்ற முதல் சந்திப்பு 1974இல் நடு அந்தமானின் மேற்குக் கரையில் நிகழ்ந்தது. பக்தாவர் சிங் என்ற காவல் அதிகாரி அதில் முன்னின்றவர். அதன் பின் தேங்காயும் வாழைப்பழமும் ஏற்றிக்கொண்டு தொடர்புக் குழுக்கள் படகில் சென்று வந்தாலும், சாலைப் பக்கத்தில் மோதல் ஓய இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1996இல் கால் முறிந்து கடம்தலா என்ற ஊரருகே கிடந்த ஒரு ஜாரவா இளைஞனை ஊர்க்காரர்கள் கண்டு தகவல் சொல்ல, அவன் போர்ட் பிளேர் மருத்துவமனையில் மாதக்கணக்கில் சிகிச்சை பெற்று மீண்டும் காட்டுக்குத் திரும்பினான். மறு ஆண்டு அக்டோபரில் ஜாரவாக்கள் பட்டப்பகலில், வில்லின்றி, குடியேற்றங்களை நோக்கி வெளியே வந்தார்கள். அன்று அவர்களைக் கண்ட ஊர்க்காரர்கள் பலரின் கை தம்மையறியாமல் கட்டைக்கும் கத்திக்கும் போனது இயல்பே. ஆனால் வெறுங்கையுடன், பெண்களையும் பிள்ளைகளையும் உடன் அழைத்து வருபவர்கள் போருக்கு வருவதில்லை என்பதைச் சிலர் உடனே உணர்ந்து மற்றவர்களைத் தடுத்தார்கள். ஓர் அம்பு எங்கே விழுந்தது என்று பார்க்கத் தெரிந்த தலைமுறைக்கு, அம்பு இல்லாததையும் பார்க்கத் தெரிந்திருந்தது.

போர்ட் பிளேருக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்பில், பவளப்பாறைகள் சூழ்ந்த வட சென்டினல் தீவில் நிகழ்ந்தவை இதே பாடத்தின் இன்னும் கூர்மையான பக்கங்கள். இந்திய மானிடவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த டி. என். பண்டிட் 1967இல் அத்தீவில் முதன்முதலாக ஆய்வுக் குழுவுடன் இறங்கினார். மக்கள் காட்டுக்குள் விலகிக்கொண்டார்கள். 1974இல் ஆவணப்படம் எடுக்கும் குழு ஒன்று, தேங்காய், சமையல் பாத்திரங்கள், ஒரு பொம்மை, கட்டப்பட்ட பன்றி ஆகியவற்றைக் கரையில் வைத்துவிட்டு விலகியபோது, பறந்து வந்த அம்பு இயக்குநரின் தொடையில் தைத்தது. எய்தவன் மரநிழலில் அமர்ந்து பெருமிதத்துடன் சிரித்தான். பன்றியும் பொம்மையும் குத்தப்பட்டு மணலில் புதைக்கப்பட்டன. தேங்காயும் பாத்திரங்களும் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன. கண்மூடித்தனமான வெறி என்று இதைச் சொல்ல முடியாது. வேண்டியதும் வேண்டாததும் அங்கே தெளிவாகப் பிரிக்கப்பட்டிருந்தன. கரையில் இறங்கும் மனிதர் வேண்டாதவற்றின் பட்டியலில் இருந்தார்.

1981 ஆகஸ்டில் பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் அத்தீவின் பவளப்பாறையில் தரைதட்டி நின்றது. சில நாட்களில் கரையில் ஈட்டியும் வில்லும் ஏந்தியவர்கள் கூடி ஓடங்களை ஆயத்தம் செய்வதைக் கண்ட கப்பல் தலைவர், தற்காப்புக்குத் துப்பாக்கிகளை விமானத்திலிருந்து போடும்படி வானொலியில் வேண்டினார். அவருடைய அச்சம் நியாயமானதே. வேண்டுமென்றே அங்கு வராத, விலகிச் செல்லவும் வழியில்லாத மனிதர்களின் அச்சம் அது. ஆனால் துப்பாக்கி வரவில்லை. கொந்தளித்த கடல் ஓடங்களை அண்டவிடவில்லை, பலத்த காற்று அம்புகளைத் திசை திருப்பியது. ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பின் ஹெலிகாப்டர் வந்து கப்பலில் இருந்த அனைவரையும் உயிருடன் மீட்டது. அந்த ஒரு வாரத்தில் கப்பலில் துப்பாக்கிகள் இருந்திருந்தால், சில நூறு பேர்கூட இல்லாத ஒரு மக்கள் கூட்டத்தில் எத்தனை பேர் எஞ்சியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது. கப்பலின் உயரமான பக்கச் சுவரும் அலையும் காற்றும் ஏற்கெனவே ஆயுதமாக நின்றுகொண்டிருந்தன. தேவைப்பட்டது பொறுமையும் மீட்பும் மட்டுமே.

1991ஆம் ஆண்டில் நடந்த இரு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், அச்சுறுத்தலை மதிப்பிடுவது எத்தனை நுணுக்கமான செயல் என்பது விளங்கும். அவ்வாண்டு ஜனவரி 4ஆம் நாள் சென்ற குழுவில் மதுமாலா சட்டோபாத்யாய் என்ற மானிடவியலாளர் இருந்தார். அத்தகைய குழுவில் சென்ற முதல் பெண் அவர். அத்தீவில் தென்னை வளர்வதில்லை. ஆகவே படகிலிருந்து நீரில் மிதக்கவிட்ட தேங்காய்களை எடுக்கச் சென்டினல் மக்கள் இடுப்பளவுத் தண்ணீர் வரை இறங்கி வந்தார்கள். குழு கப்பலுக்குப் போய் மேலும் தேங்காய் எடுத்துக்கொண்டு திரும்பிய வேளையில், கரையில் நின்ற இளைஞன் ஒருவன் வில்லை வளைத்து மதுமாலாவைக் குறி பார்த்தான். அவர் தேங்காய் எடுக்க வரும்படி அவனைச் சைகையால் அழைத்துக்கொண்டே இருக்க, அருகில் நின்ற சென்டினல் பெண்ணொருத்தி அவனைத் தள்ளினாள். அம்பு நீரில் விழுந்தது. குழு பின்வாங்கவில்லை; தண்ணீரில் இறங்கிக் கையோடு கை தேங்காய்களைக் கொடுத்தது. சென்டினல் மக்கள் வெளியாரிடமிருந்து நேரடியாகப் பொருள் பெற்றுக்கொண்டதாகப் பதிவான முதல் நிகழ்ச்சி அது.

அதே ஆண்டின் மற்றொரு பயணத்தில் பண்டிட், தேங்காய் கொடுக்கும் ஈடுபாட்டில் தம் குழுவை விட்டுச் சற்று விலகிக் கரையை நெருங்கிவிட்டார். ஓர் இளைஞன் முகத்தைச் சுளித்து, கத்தியை எடுத்து, தலையை அறுத்துவிடுவேன் என்பது போலச் சைகை செய்தான். அம்பு பறக்கவில்லை, யாரும் அவரை நோக்கி ஓடி வரவுமில்லை. ஆயினும் பண்டிட் உடனே படகை அழைத்து அங்கிருந்து அகன்றார். அந்தச் சைகை மிகத் தெளிவானது என்றும், தாம் அங்கே வரவேற்கப்படவில்லை என்பதை அது உணர்த்தியது என்றும் பின்னாளில் நேர்காணல்களில் விளக்கினார்.

மேலோட்டமாகப் பார்த்தால், அம்பு குறிவைத்த இடத்தில் குழு நின்றதும், வெறும் சைகை மட்டும் காட்டப்பட்ட இடத்தில் ஒருவர் விலகியதும் முரணாகத் தோன்றும். உண்மையில் இரண்டுமே சரியான மதிப்பீடுகள். ஜனவரியில் வில்லை வளைத்தவன் தனியன். அவனைச் சுற்றி நின்ற அவனுடைய மக்கள் தேங்காயை ஏற்றுக்கொண்டிருந்தார்கள், அவனைத் தடுக்கும் கையும் அவர்களிடமிருந்தே எழுந்தது. வந்தவர்கள் ஒன்றாக, படகை ஒட்டி, விரும்பினால் விலகக்கூடிய தொலைவில் நின்றார்கள். பின்னைய நிகழ்வில் தனித்து நின்றவர் வந்தவர். படகு எட்டத்தில் இருந்தது, இளைஞனைத் தடுக்க அவனைச் சேர்ந்த யாரும் முன்வரவில்லை. ஆயுதம் எது என்பதைவிட, அதை ஏந்தியவருக்குப் பின்னால் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், தனக்கும் தன் படகுக்கும் இடையே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பனவே முடிவைத் தீர்மானித்தன. பண்டிட்டின் விலகலைச் சிலர் அச்சம் என்று எண்ணக்கூடும். இக்கட்டுரையாளருக்கு அது அத்தீவில் வெளியார் செய்த மிகப் பொறுப்பான செயல்களுள் ஒன்றாகவே தோன்றுகிறது.

சென்டினல் மக்களின் பக்கமிருந்து பார்த்தால், அவர்களுடைய மதிப்பீடும் வெறும் ஐயத்தால் எழுந்ததன்று. 1859 மே மாதம் அபர்தீன் போர் என்று அழைக்கப்படும் மோதலில் வில்லுடன் வந்த, பெரிய அந்தமானியர் என்று அழைக்கப்படும் தொல்குடியினர் பிரிட்டிஷாரின் துப்பாக்கிகளை எதிர்கொண்டு வீழ்ந்தார்கள். அப்போது ஆயிரக்கணக்கில் இருந்த அம்மக்கள் இன்று ஐம்பது பேர் அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள். அவர்களைப் பெரிதும் அழித்தது குண்டன்று, குடியேற்றத்துடன் வந்த நோய்களே. 1880இல் மாரிஸ் விடால் போர்ட்மன் என்ற அதிகாரி வட சென்டினலில் இருந்து முதிய தம்பதியரையும் நான்கு பிள்ளைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். அனைவரும் நோயுற்று, முதியவர்கள் இருவரும் இறந்துபோக, பிள்ளைகள் பரிசுப் பொருட்களுடன் தீவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்பிள்ளைகள் என்ன நோயை உடன் எடுத்துச் சென்றார்கள் என்பது எங்கும் பதிவாகவில்லை. நோய் எதிர்ப்புத் திறன் இல்லாத சிறு கூட்டத்துக்கு, சிரித்த முகத்துடன் வரும் விருந்தாளியின் இருமல் துப்பாக்கியைவிடக் கொடிய ஆயுதம். ஜாரவாக்கள் வெளியே வரத் தொடங்கிய ஈராண்டுக்குள், 1999இல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. கடம்தலாவில் பணியாற்றிய மருத்துவர் ரத்தன் சந்திர கர் முதலானோரின் அயராத உழைப்பால்தான் அது பேரழிவாக மாறாமல் தடுக்கப்பட்டது. அவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கரையில் இறங்கும் அந்நியரை அச்சுறுத்தலாகக் கருதும் சென்டினல் மக்களின் கணிப்பு, மருத்துவ அறிவின்படியும் சரியானதே என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. அவர்கள் விலகிச் செல்ல வேறு தீவும் இல்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், அம்மக்கள் உயிருடன் இருக்கிறார்களா என்று காணச் சென்ற கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரை நோக்கி ஒருவன் கடற்கரையிலிருந்து வில்லை உயர்த்தினான்; விமானி உயரத்தைக் கூட்டித் திரும்பினார். தீவுவாசிகள் பிழைத்திருக்கிறார்கள் என்ற நற்செய்தியாகவே அந்த அம்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2006இல் கரையருகே ஒதுங்கிய படகிலிருந்த மீனவர் இருவர் கொல்லப்பட்டபோது, உடல்களை மீட்கச் சென்ற ஹெலிகாப்டரும் அம்புகளைச் சந்தித்தது. அங்கும் திருப்பிச் சுடப்படவில்லை.

2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர், மீனவர்களுக்குப் பணம் கொடுத்து, சட்டத்தை மீறி மதம் பரப்பும் நோக்கத்துடன் அத்தீவை அடைந்தார். 15ஆம் நாள் அவர் கையிலிருந்த விவிலியத்தில் ஓர் அம்பு தைத்தது; அவர் தப்பி மீனவர் படகுக்குத் திரும்பினார். சாலை போட்ட தொழிலாளர்களுக்கு முன்னே தரையில் விழுந்த அம்பைப் போன்றதே அதுவும். அத்துடன் திரும்பியிருந்தால் அவர் இன்று உயிருடன் இருந்திருப்பார். மீண்டும் சென்ற அவருடைய உடல் மணலில் இழுத்துச் செல்லப்படுவதை 17ஆம் நாள் காலை மீனவர்கள் கண்டார்கள். தாம் கொல்லப்பட்டால் அம்மக்கள் மீது கோபம் கொள்ள வேண்டாம் என்று அவர் தம் குடும்பத்துக்கு எழுதி வைத்திருந்தது நெகிழ வைக்கிறது. எனினும் அவர் உடலோடு அத்தீவுக்குள் சென்றிருக்கக்கூடிய நோயைப் பற்றிய கவலையை அந்த நெகிழ்ச்சி குறைப்பதில்லை. பின்னர் உடலைத் தேடிச் சென்ற காவல்துறைப் படகு, கரையில் வில்லேந்தியவர்கள் நிற்பதை ஏறத்தாழ 400 மீட்டர் தொலைவிலிருந்து தொலைநோக்கியில் கண்டதும் மோதலைத் தவிர்த்துத் திரும்பியது. கடலில் அவருக்கு உதவியவர்கள் உள்ளிட்ட எழுவர் கைது செய்யப்பட்டார்கள். தீவுக்குள் நுழைந்து யாரையும் பிடிக்கும் முயற்சி நடக்கவில்லை. உடலை மீட்கும் முயற்சியும் மானிடவியலாளர்களின் வேண்டுகோளுக்குப் பின் கைவிடப்பட்டது. துப்பாக்கி கையில் இருந்தும், பதவியும் படையும் துணை நின்றும், ஒரு காவல்துறை அவ்வாறு திரும்பி வந்தது இந்நாட்டின் காவல் வரலாற்றில் பெருமையுடன் குறிக்கத்தக்கது.

இன்று ஜிர்கடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நிறுத்தப்பட்டு, குறித்த நேரங்களில் காவலர் துணையுடன் கான்வாயாக ஜாரவா காட்டின் வழியே அனுப்பப்படுகின்றன. இச்சாலையை மூடும்படி 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்தும் அது திறந்தே இருக்கிறது. பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளையும் மண் எரிமலையையும் காணச் செல்லும் பயணிகளில் தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களும் ஏராளம். சாலையோரத்தில் ஒரு ஜாரவாச் சிறுவன் நின்றால் வண்டிக்குள் எழும் சலசலப்பையும், பாதி இறக்கப்பட்ட கண்ணாடியையும், நீளும் கைபேசியையும் பிஸ்கட் பொட்டலத்தையும் இக்கட்டுரையாளர் அந்தப் பயணங்களில் வேதனையுடன் கண்டிருக்கிறார். 2025 மார்ச் மாத இறுதியில்கூட ஓர் அமெரிக்கர் வட சென்டினல் கரையில் இறங்கி, ஒரு குளிர்பானக் கேனையும் தேங்காயையும் வைத்துவிட்டு வந்து கைதானார். அந்தமானுக்குச் செல்லும் தமிழ் வாசகர்கள் கான்வாயில் கண்ணாடியை ஏற்றியே வைத்திருக்க வேண்டும்; உணவு கொடுக்கவோ படம் எடுக்கவோ வண்டியை நிறுத்தச் சொல்லவோ கூடாது; ஓட்டுநர் பணத்துக்காக நிறுத்த முன்வந்தாலும் மறுத்து, சாவடியில் உள்ள காவலரிடம் தெரிவிக்க வேண்டும்; சென்டினல் தீவைச் சூழ்ந்த ஐந்து கிலோமீட்டர் கடலுக்குள் படகு கொண்டுபோகிறேன் என்று யார் ஆசை காட்டினாலும் அந்தப் படகில் ஏறக் கூடாது.